வேலி முதலா, விலை முதலா?

நிலத்தைக் காக்க விரும்புவோர் முதலில் அதற்கு விலை குறிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் அறிவுரை இன்று எத்திசையிலும் ஒலிக்கிறது. காட்டைக் காப்பது கடமை என்று சொல்லிக் காலம் கழித்தது போதும். காத்தால் வருவாய் உண்டு என்று காட்டுங்கள், வணிகரே காவலராக வந்து நிற்பர் என்பது அதன் சாரம். கரிமப் புள்ளி, சூழற்சேவைக் கட்டணம், வரிவிலக்கு, மரபுக் கட்டடங்களின் ஏல விற்பனை எனப் பல கோலங்களில் இக்கொள்கை உலா வருகிறது. இதனைப் புத்தம்புதிய கண்டுபிடிப்பு எனக் கொண்டாடுவோரும் உளர். சிங்கப்பூர் மண்ணுக்கோ இது பழைய கதை. அக்கதை எவ்வாறு முடிந்தது என்பதையும் இம்மண் நன்கு அறியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தீவின் காட்டு நிலத்துக்கு நல்ல விலை இருந்தது. காம்பியர் என்னும் செடியின் இலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றைக் கட்டியாக்கினால் அது தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் பயன்படும். 1830களில் பிரித்தானியத் தொழிற்சாலைகள் அதனை விரும்பி வாங்கத் தொடங்கின. காம்பியரும் மிளகும் ஒரே தோட்டத்தில் பயிராயின. சாறெடுத்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு உரமாயிற்று. எத்துணைச் சிக்கனமான ஏற்பாடு என வியக்கத் தோன்றும். ஆனால் கொப்பரை கொதிக்க விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். பதினைந்து அல்லது இருபது ஆண்டுகளில் மண்ணின் சத்து வற்றியதும் தோட்டக்காரர்கள் நிலத்தை அப்படியே கைவிட்டு அடுத்த காட்டை அழிக்கச் சென்றனர். இத்தீவில் அழிப்பதற்குக் காடு குறைந்தபோது ஜொகூருக்கு இடம்பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மேடுகளில் லாலாங் புல் முளைத்தது.

1883ஆம் ஆண்டில் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராய் இருந்த நத்தானியல் காண்ட்லி என்பார் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். எஞ்சியதையேனும் காப்பாற்ற வேண்டின் காப்புக்காடுகளை ஒதுக்க வேண்டும் என்பது அதன் விளைவாயிற்று. புக்கிட் தீமா உள்ளிட்ட காடுகள் அதன் பின்னரே ஒதுக்கப்பட்டன. காம்பியருக்குக் கதவு திறந்துவிட்ட அதே குடியேற்ற அரசுதான் பிற்பாடு கதவை அடைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எவ்வாறாயினும், இன்று பள்ளி மாணவர்கள் ஆசிரியரின் பின்னால் மூச்சுவாங்க ஏறும் அந்தக் குன்றின் மேல் மரங்கள் நிற்பது காம்பியர் வணிகரின் கருணையால் அன்று, ஆணையின் வலிமையால்.

அக்காலச் சந்தை தவறிழைத்தது என்று பழிப்பதும் பொருந்தாது. அது தன் கணக்கைச் சரியாகவே போட்டது. இருபது ஆண்டு வருவாயைக் கைப்பற்றிக்கொண்டு, இருநூறு ஆண்டு இழப்பைப் பிறர் தலையில் சுமத்துவது கணக்குப்படி இலாபமே. நாளைய குழந்தை ஏலத்தில் வந்து கைதூக்க இயலாது. கொக்கும் நாரையும் கேள்விப்பத்திரம் அனுப்புவதில்லை. விலை என்பது வாங்க வல்லவரின் குரல். அக்குரலை மட்டும் கேட்டு நிலத்தின் தலைவிதியை எழுதலாம் என்போர், காம்பியர்க் கொப்பரைக்கு மீண்டும் விறகு தேடித் தருகின்றனர்.

காட்டுக்கதை நகரத்துக்கு எங்ஙனம் பொருந்தும் என்று கேட்கலாம். நெருக்கம் மிகுந்த இந்நகரில் இரண்டு மாடிக் கடைவீடு ஒன்று நிற்கும் நிலமும் காப்புக்கு உரிய நிலமே. அவ்விடத்தில் உயர்ந்த கட்டடம் எழுப்பினால் கிடைக்கும் வருவாயை யாரேனும் துறந்தால்தான் அந்தக் கடைவீடு நிற்கும். அந்த வகையில் தேக்காவும் ஒரு காப்புக்காடு எனலாம்.

சுண்ணாம்புக் காளவாய்களால் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் என்று தமிழர் வழங்கிய அந்த வட்டாரம், மாட்டுக் கொட்டில்களால் கண்டாங் கெர்பாவ் என்று மலாய்க்காரர் வழங்கிய அந்த வட்டாரம், 1989 ஜூலையில் லிட்டில் இந்தியா என்னும் பெயரில் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ முதலியனவும் உடன் சேர்ந்தன. அவ்வாண்டு காப்புப் பெற்ற கட்டடங்கள் 3,200க்கு மேல். இன்று நாடு முழுவதும் அவ்வெண்ணிக்கை 7,000ஐக் கடந்துவிட்டது. சந்தைக் கொள்கையினர் மார்தட்டிக் காட்டும் எடுத்துக்காட்டு இதுவே. அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் உரிமையாளருக்குக் கிடைத்த சொற்ப வாடகை ஓடு மாற்றக்கூடப் போதவில்லை, கட்டடங்கள் இற்றுக்கொண்டிருந்தன. அத்தனை கூரைகளையும் அரசே செப்பனிட்டிருக்க முடியாது. ஆகவே அரசு தன் கையிலிருந்த கடைவீடுகளைக் கேள்விப்பத்திர முறையில் விற்றது. மேம்பாட்டுக் கட்டணத்தையும் வாகன நிறுத்துமிடம் இல்லாமைக்கான கட்டணத்தையும் தள்ளுபடி செய்தது. தனியார் தம் பணத்தில் செப்பனிட முன்வந்தனர். வாடகைக் கட்டுப்பாடும் 2001இல் முற்றும் நீக்கப்பட்டது. பூவேலைப்பாடு மீண்டது, சாளரக் கதவுகள் வண்ணம் பெற்றன, ஐந்தடிப் பாதை நடக்கத்தக்கதாயிற்று.

ஆனால் இந்நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். இடிக்கக்கூடாது என்ற ஆணை முதலில் வந்தது. முதலீடு பின்னர் வந்தது. இடிக்கலாம் என்ற நிலையில் அதே முதலீட்டாளர் அதே பணத்தைக் கொண்டுவந்திருந்தால் அதை எதற்குச் செலவிட்டிருப்பார் என்பதைக் காண, பாதுகாப்பு எல்லைக்கு வெளியே இந்நகரில் எழுந்த கோபுரங்களை அண்ணாந்து பார்த்தால் போதும். வேலிக்குள் நுழைந்த பிறகே விலை காவல் வேலை பார்த்தது. (தஞ்சை மாவட்டத்தில் நிலத்தை அளக்கும் அலகுக்கே வேலி என்று பெயர். பெயரிட்டவர் சிந்தித்தே இட்டிருக்கிறார்.)

அடுத்து, வேலி எதைச் சுற்றி இடப்பட்டது என்பது கேள்வி. பெரும்பாலும் சுவரைச் சுற்றித்தான். புதிதாக ஒரு பழைய கடைவீட்டை எவராலும் உண்டாக்க இயலாது; எண்ணிக்கை நிலைத்துவிட்ட பொருளின் விலை ஏறுவது இயற்கை. வீட்டு மனைக்கு வெளிநாட்டவர் செலுத்தும் கூடுதல் முத்திரைத் தீர்வை 2023 ஏப்ரல் முதல் 60 விழுக்காடு. முழு வணிகப் பயன்பாட்டுக்குரிய கடைவீட்டுக்கு அத்தீர்வை இல்லை. அதனால் உலகச் செல்வர் கண்கள் கடைவீட்டின் மேல் விழுந்தன. சட்டத்தால் விளைந்த அருமைப்பாட்டின் பயன் உரிமையாளருக்குச் சென்றது. அதன் சுமை வாடகையாக, வெற்றிலைக் கடைக்காரர் மீதும் மாவரைக்கும் ஆலைக்காரர் மீதும் பூத்தொடுப்பவர் மீதும் இறங்கியது. பாரம்பரியம் என்று வெளியூரார் படமெடுக்க வருவது எவருடைய உழைப்பையோ, அவரே அந்தப் பாரம்பரியத்தின் வாடகையைத் தாங்கமாட்டாமல் வெளியேற நேரிடுகிறது. சுவர் மிஞ்சுகிறது, குடி போகிறது. மையப் பகுதியில் சிலவகைத் தொழில்களுக்கு இடமில்லை என்னும் விதியும், இந்து அறக்கட்டளை வாரியத்தின் பொறுப்பிலுள்ள லிட்டில் இந்தியா ஆர்க்கேட் போன்ற ஏற்பாடுகளும் இவ்வோட்டத்துக்குச் சிறு அணைகள். இவையும் சந்தையின் கொடைகள் அல்ல என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தேக்காவில் குடி போனாலும் சுவராவது மிஞ்சுகிறது. சதுப்புநிலத்தில் அதுவும் மிஞ்சாது. தீவின் வடமேற்கு மூலையில் உள்ள சுங்கை பூலோவை எடுத்துக்கொள்வோர் இதனை உணர்வர். இறால் பண்ணைகளும் கண்டல் மரங்களுமாய்க் கிடந்த அவ்விடம் விளைபயன் கணக்கில் கிட்டத்தட்டச் சுழியம். வேளாண் தொழில்நுட்பத்துக்கென அது குறிக்கப்பட்டிருந்தது. 1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை நோக்குநர்கள் அங்கு வலசை வரும் பறவைகளைக் கண்டு அரசிடம் முறையிட்டனர். 1989இல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டேராக விரிந்து இயற்கைக் காப்பகம் என்னும் சட்டத் தகுதி பெற்றது. நெய்தல் திணையைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருமுறை மாணவரை அங்கு அழைத்துச் செல்லலாம். சங்கப் புலவர் அறிந்த கண்டலின் இனத்தை அங்குக் காணலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் தந்த மரமும் அங்கே நிற்கிறது. அதன் பால் கண்ணிற் பட்டால் கேடு, ஆதலின் தொடாமற் காண்பது நன்று.

வணிகம் அங்கு வரவில்லையா எனின், வந்தது. 1997இல் எச்எஸ்பிசி வங்கி அவ்விடத்துக்குப் புரவலராகிக் கல்வி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. நல்ல செயல்; பாராட்டத்தக்கது. ஆனால் பறவை நோக்குநர் முறையிட்டு பதினோர் ஆண்டுகளும், அரசு ஒதுக்கி எட்டு ஆண்டுகளும் கழிந்தபின் வந்தது. எந்த வங்கியும் 1986இல் அச்சேற்றில் இறங்கி நிற்கவில்லை.

1992இல் வேறொரு சோதனை வந்தது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் கோல்ஃப் திடல் அமைக்கத் திட்டம் எழுந்தது. வருவாய்க் கணக்கைப் பார்ப்பவருக்கு அது குறையற்ற திட்டம்: மரம் பணம் தராது, திடல் உறுப்பினர் கட்டணம் தரும், பசுமையும் பசுமையாகவே இருக்கும். இயற்கைச் சங்கத்தார் தாமே அக்காட்டை ஆய்ந்து சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்தனர், 17,000க்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டனர், திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுக்குப் பின் கோல்ஃப் நிலங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பது பயன் தரும். நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு கோல்ஃபுக்குப் போதாதா, அதில் வீடு கட்டலாமே என்ற கேள்வி பிறந்தது. 2014இல் சில குத்தகைகளைப் புதுப்பிப்பதில்லை என அரசு அறிவித்தது. கெப்பல் கிளப்பின் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது; அந்நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் வரவிருக்கின்றன. வீடு வேண்டியோருக்கு வீடு கிடைப்பதில் தவறேதுமில்லை. ஆயினும் ஒன்று புலனாகிறது. அதிக வருவாய் என்னும் ஒரே ஆதாரத்தில் நிற்கும் நிலம், அதைவிட அதிக வருவாய் வரும் நாள்வரை மட்டுமே நிற்கும்.

இத்துணையும் கூறுவதால் பணத்தைத் தீண்டத்தகாததாகக் கருதும் கூட்டத்துக்கு ஆதரவு என்று எவரும் கொள்ள வேண்டா. அக்கூட்டமும் நிலத்துக்கு நன்மை செய்ததில்லை. வேலி போட்டபின் வேலியைப் பராமரிக்கப் பணம் வேண்டும். அதைத் தர மறுப்போர் பேசும் தூய்மை வெறும் பேச்சு.

பழந்தமிழர் இதனைத் தெளிவாக அறிந்திருந்தனர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. தேர்வில் வரும் வினாவும் குடவோலை பற்றியதே. அவ்வோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பது எத்தனை மாணவர் மனத்தில் நிற்கிறது? ஏரியைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் ஆகும் செலவுக்கென ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். அந்நிலத்தின் விளைச்சல் விற்கப்பட்டது, வருவாய் ஏரிக்குச் சென்றது. சந்தை இங்கும் உண்டு. ஆயின் விற்றது பட்டியின் நெல்லை. ஏரியை விற்பது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அதே முறையில், கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சிய சிற்றூர் மக்கள் சந்தைக்குப் போகாதவர்கள் அல்லர். எதைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக்கூடாது என்ற எல்லை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இக்காலத்தில் சந்தைக் கொள்கையினர் பெருமையோடு எடுத்துரைக்கும் நாடு கோஸ்ட்டா ரிக்கா. காட்டைக் காக்கும் உழவருக்கு அங்கே அரசு பணம் தருகிறது. எரிபொருள் வரியின் ஒரு பகுதி அதற்குச் செல்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் காடு அழிந்துகொண்டிருந்த அந்நாட்டில் இன்று பாதிக்கு மேற்பட்ட பரப்பில் காடு நிற்கிறது. மறுப்பதற்கில்லை. ஆயினும் 1996ஆம் ஆண்டின் வனச்சட்டத்தை அவர்கள் முழுதும் படித்துக் காட்டுவதில்லை. இயற்கைக் காட்டை வேறு பயனுக்கு மாற்றுதல் கூடாது என்று அதே சட்டம் தடை விதித்தது. பணம் மட்டும் தந்திருந்தால், அதைவிட அதிகமாகத் தரும் அன்னாசித் தோட்டத்துக்கு உழவர் திரும்பியிருப்பர்; உழவரைக் குறை சொல்லவும் முடியாது.

அமெரிக்காவின் வழி வேறு. நில உரிமையாளர் கட்டடம் எழுப்பும் உரிமையைத் துறந்து ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தால் வருமான வரியில் கழிவு பெறலாம். நல்லோர் பலர் இவ்வழியில் பண்ணைகளையும் காடுகளையும் காத்தனர். பின்னர்க் கணக்கில் வல்லோர் வந்தனர். குறைந்த விலைக்கு வாங்கிய நிலத்துக்குப் பன்மடங்கு மதிப்புக் காட்டி, கூட்டாகச் சேர்ந்து வரிக்கழிவை அறுவடை செய்தனர். இதனைத் தடுக்க 2022 இறுதியில் அந்நாட்டு நாடாளுமன்றமே சட்டம் இயற்ற நேர்ந்தது. நிலத்தின் பெரும்பகுதி அரசுடைமையாய் உள்ள சிங்கப்பூருக்கு இம்முறை பொருந்தாது. பொருந்தாததும் ஒருவகையில் நன்றே.

சிங்கப்பூருக்கு இன்று மிக அணுக்கமாய் நிற்பது கரிமச் சந்தை. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி 2024இல் 25 வெள்ளியாகவும் 2026இல் 45 வெள்ளியாகவும் உயர்ந்தது. வரி என்பது வேலியின் மற்றொரு வடிவம்; புகை கக்குவது இலவசம் அன்று என்று அரசு அறுதியிட்டுச் சொல்வது. இந்த வரியைப் போற்ற வேண்டும். ஆயின் 2024 முதல் ஆலைகள் தம் வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுக் கரிமப் புள்ளிகளை வாங்கி ஈடுகட்டலாம். பாப்புவா நியூகினி, கானா முதலிய நாடுகளுடன் இதற்கென உடன்பாடுகள் கையெழுத்தாகியுள்ளன. டிபிஎஸ் வங்கி, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், தெமாசெக் ஆகியன சேர்ந்து 2021இல் கிளைமேட் இம்பேக்ட் எக்ஸ் என்னும் கரிமச் சந்தையையும் நிறுவின.

காட்டுப் புள்ளியில் விற்கப்படுவது யாது? வெட்டப்படாத மரம். வெட்டப்படாதது மட்டும் போதாது. பணம் வராவிடில் வெட்டப்பட்டிருக்கும் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். நடவாத ஒன்றை அளந்து விற்கும் வணிகம் இது. காட்டுக்கு நேரவிருந்த ஆபத்து எவ்வளவு பெரிதெனக் காட்டுகிறாரோ அவ்வளவு புள்ளி விற்பவருக்குக் கிடைக்கும். புள்ளியின் அளவை மிகைப்படுத்துவதில் விற்பவருக்கும் இலாபம், மலிவாய்ப் பெறும் வாங்குபவருக்கும் இலாபம். இருவரும் மகிழும் பேரத்தில் ஏமாறுவது காடு. 2023 ஜனவரியில் கார்டியன் நாளேடும் அதன் ஆய்வுக் கூட்டாளிகளும், வெர்ரா என்னும் அமைப்புச் சான்றளித்த மழைக்காட்டுப் புள்ளிகளில் பெரும்பகுதி மெய்யான குறைப்பைக் காட்டவில்லை என்று எழுதினர். வெர்ரா அம்முடிவை மறுத்தது. அளவுமுறை பற்றிய வழக்கு அறிஞரிடையே நீண்டது. அவ்வழக்கு எப்படியாயினும் ஆகுக. காட்டுக்குச் சொந்தமான நாட்டில் வெட்டத் தடையும் அத்தடையைச் செயற்படுத்தும் காவலும் இருந்தால், புள்ளி அதற்குத் துணைநிற்கும். அவை இல்லையெனில், சிங்கப்பூர் ஆலை ஒன்றின் கணக்கேட்டில் மட்டும் அக்காடு பசுமையாய் இருக்கும்.

தொலைநாட்டுக் காட்டின் நிலையில் ஐயம் எழுப்புவோர் தம் கரையையும் பார்க்க வேண்டும். புலாவ் உபின் தீவின் கீழ்க்கோடியில் செக் ஜாவா என்னும் ஈரநிலம் இருக்கிறது. கடற்புல்வெளி, மணற்றிட்டு, பாறைக்கரை, கண்டற்காடு எல்லாம் அங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தில் அது சிக்கியிருந்தது. தன்னார்வலர்கள் நீர் வற்றும் வேளைகளில் சேற்றில் நடந்து அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தனர். மக்கள் படகேறிச் சென்று பார்த்தனர். 2001 டிசம்பரில் தூர்க்கும் பணி தள்ளிவைக்கப்பட்டது. 2007இல் நடைபாலமும் வருகையாளர் நிலையமும் திறக்கப்பட்டன. இன்று விடுமுறை நாள்களில் குடும்பங்கள் அங்கே செல்கின்றன. பள்ளிகள் அழைத்துச் செல்கின்றன. இத்தனை பேர் விரும்பும் இடத்தை இனி யார் தொடுவார் என்று பலர் எண்ணுகின்றனர்.

சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கைக் காப்பகங்கள் நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார். செக் ஜாவா அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பற்றி 2001இல் ஆளப்பட்ட சொல் கைவிடுதல் அன்று, ஒத்திவைத்தல். அதற்குப் புரவலர் தேடும் முயற்சியும் சுற்றுலா வருவாய்க் கணக்கும் கரிம அளவீடும் பிறகு வரலாம். அப்பட்டியலில் ஐந்தாவது பெயர் முதலில் எழுதப்படட்டும்.